இரண்டாம் ஒழுங்கை, பதினான்காம் இலக்கம்

“12.3, ஞாயிற்றுக்கிழமை. இன்று தொடக்கம் எமது பகுதியின் ஒழுங்கைகள் யாவும் வடக்குத் திசையிலிருந்தே எண்ணப்படும் என்பதைச் சகலரும் கவனத்திற் கொள்ளவும். ஆட்சேபணை உள்ளோர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தெரிவிக்கவும். செயலாளர்.”

எங்கள் சனசமூக நிலையத்தின் கதவில் ஒட்டியிருந்த இந்த அறிவித்தலில் ஆண்டு இல்லை. ஒரு ஊரின் வரலாற்றைத் தலைகீழாகத் திருப்புகிறவர் அது எந்த ஆண்டு என்று சொல்ல மறந்துவிட்டார். ஆகவே நான் நாட்காட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1990க்குப் பிறகு மார்ச் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது 1995, 2000, 2006, 2017, 2023 ஆகியவற்றில்தான். முதல் மூன்றிலும் வாட்ஸ்அப் இல்லை. செயலாளர் எங்கள் பகுதிக்கு வந்து வீடு கட்டியதே கொரோனாவுக்குப் பிறகு. எஞ்சியது 2023. இதை நிறுவ எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் தேவைப்பட்டது. செயலாளரிடமே கேட்டிருக்கலாமே என்று மனைவி சொன்னாள். வரலாற்று முறைமை பற்றி அவளுக்கு அக்கறை இல்லை.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து குச்சவெளி பஸ் போகும் பாதையில், அன்புவழிபுரத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் எங்கள் பகுதி இருக்கிறது. பட்டினத்தில் உள்ளவர்கள் எங்களைக் கிராமத்தார் என்பார்கள். சாம்பல்தீவில் உள்ளவர்கள் டவுன்காரர் என்பார்கள். இரண்டு பக்கத்தாரும் சொல்லும்போது முகத்தில் ஒரே இளக்காரம்தான். பாதையின் ஒரு பக்கமாக ஏழு ஒழுங்கைகள், தெற்கிலிருந்து வடக்காக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாகப் போகின்றன. ஒவ்வொன்றிலும் இருபது இருபத்தைந்து வீடுகள். ஒரு முன்பள்ளி, இரண்டு பலசரக்குக் கடைகள், ஒரு கோயில், ஒரு ஜெபக்கூடம், எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஒரு வாசிகசாலை. பார்க்க வரும் எவரும் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் இந்த ஏழு ஒழுங்கைகளையும் எங்கிருந்து எண்ணுவது என்பதில் நாங்கள் கடந்த தலைமுறை முழுவதையும் செலவழித்திருக்கிறோம்.

முதல் எண்ணிக்கை தெற்கிலிருந்து தொடங்கியது. அதற்குக் காரணம் ஒரு தண்ணீர் பவுசர். யுத்த காலத்தில் பல இடங்களிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்தவர்கள் இந்தக் காணித் துண்டுகளில் கொட்டில் போட்டுக்கொண்டபோது, பவுசர் பட்டினத்துப் பக்கமாகத்தான் வரும். அது முதலில் நின்ற இடம் முதலாம் ஒழுங்கை. கடைசியாக நின்ற இடம் ஏழாம் ஒழுங்கை. பவுசரைத் தொடர்ந்து தகரம், சீமெந்து, மின்கம்பம் எல்லாம் அந்த ஒழுங்கில்தான் வந்தன. முதலாம் ஒழுங்கைக்காரர் குளித்தார்கள். ஏழாம் ஒழுங்கைக்காரர் வாளியின் அடியில் மண்டியைப் பார்த்தார்கள். எண் என்பது எங்கள் ஊரில் விலாசமாக இருந்ததில்லை. அது வரிசையில் உங்களுக்குரிய இடம்.

பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது. எல்லா ஒழுங்கைகளுக்கும் சமமாக, அதாவது எல்லோருக்கும் போதாமல். மனக்குறை தீரும் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு மனிதரைத் தெரியாது. பழைய ஏழாம் ஒழுங்கையில் வீடு கட்டிய ஒருவர் செயலாளராகத் தெரிவானதும், அவர் செய்த முதல் வேலை தன் ஒழுங்கையை முதலாவதாக்கியது. நீலத்தில் வெள்ளை எழுத்தில் ஏழு பலகைகள் நட்டார். எங்கள் பகுதியின் வரலாற்றில் ஒரு நிர்வாகம் அறிவித்த வேலையைச் செய்து முடித்தது அது ஒன்றுதான்.

நான் நாலாம் ஒழுங்கைக்காரன். ஏழு ஒழுங்கைகளைத் தெற்கிலிருந்து எண்ணினாலும் வடக்கிலிருந்து எண்ணினாலும் நாலாவது நாலாவதுதான். இந்தக் கணக்கு வசதியினால் நான் ஊரில் நடுநிலையாளனாகக் கருதப்படுகிறேன். நடுநிலையாளன் என்றால் இரண்டு பக்கத்தாரிடமும் தேத்தண்ணி கிடைக்காதவன்.

கடந்த ஆண்டு ஒரு பெண் ஒரு கோப்புடன் என் வீட்டுக்கு வந்தாள். பழைய இரண்டாம் ஒழுங்கையில் பிறந்து, அதே வீட்டில் வளர்ந்து, அதே வீட்டில் மணமுடித்தவள். பட்டினத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கணவன் கட்டாரில். மகளை அடுத்த தை மாதம் முதலாந் தரத்தில் சேர்க்க வேண்டும். நடந்து போகும் தூரத்தில் ஒரு நல்ல பாடசாலை இருந்தது. அங்கே இடம் கிடைக்காவிட்டால் பட்டினத்தின் மறுபக்கத்துக்குப் பிள்ளையைப் பாடசாலை வான் வண்டியில் அனுப்ப வேண்டும். மத்தியானம் வானிலிருந்து இறக்கிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. வேலையை விட வேண்டிவரும். அவள் இதை அழாமல், மருந்துச் சீட்டு வாசிப்பது போலச் சொன்னாள்.

சிக்கல் இதுதான். அருகில் வசிப்பவர்களுக்கே இடம். அதற்கு ஐந்து ஆண்டு வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், காணி உறுதி எல்லாம் ஒரே விலாசத்தைக் காட்ட வேண்டும். உறுதியிலும் மின்சாரப் பட்டியலிலும் அவளுடைய வீடு 14, இரண்டாம் ஒழுங்கை. பழைய இடாப்புகளிலும் அப்படியே. செயலாளரின் புரட்சிக்குப் பிந்திய இடாப்பில் மட்டும் 14, ஆறாம் ஒழுங்கை. ஒரு அடிகூட அசையாத பெண் காகிதத்தில் வீடு மாறிவிட்டாள். அதே நேரம் பழைய ஆறாம் ஒழுங்கையின் பதினான்காம் இலக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தாதி, ஊருக்கெல்லாம் மிஸ்ஸி, காகிதத்தில் இவளுடைய வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்.

நேர்முகப் பரீட்சையில் கேட்டார்களாம், இடாப்பு ஒன்று சொல்லுது, பட்டியல் வேறொன்று சொல்லுது, எந்த வீட்டை வாடகைக்குக் காட்டுறீங்கள் என்று. நல்ல பாடசாலைக்குப் பக்கத்தில் விலாசம் இரவல் வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் நேர்த்தியான கோப்புடன் வருவார்கள். உண்மையாக அங்கே வசிப்பவள்தான் தடுமாறுவாள்.

நான் அவளுக்குப் பவுசர் காலத்திலிருந்து விளக்கம் கொடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணை, இதை அவையளுக்கு ஒரு வரியில எழுதித் தருவீங்களோ?” என்றாள். என்னால் எதையும் ஒரு வரியில் எழுத ஏலாது என்பது ஊரறிந்தது. கிராம சேவகரிடம் போகச் சொன்னேன். அவர் சனசமூக நிலையம் சொல்வதையே தான் எழுத முடியும் என்றார். சனசமூக நிலையம், பொதுக்கூட்டம் தீர்மானிக்கட்டும் என்றது.

பொதுக்கூட்டம் முன்பள்ளியில் கூடியது. வேறு மண்டபம் இல்லாததால், வளர்ந்தவர்கள் எல்லோரும் முழங்கால் நாடியில் முட்ட, மூன்று வயதுக்காரருக்கான கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். கதைத்த கதைகளுக்கு அந்தக் கதிரைகள் பொருத்தமாகவே இருந்தன. தெற்குப் பக்கத்தார் பழைய எண்ணே சரித்திரம் என்றனர். வடக்குப் பக்கத்தார் சூரியனே தங்கள் பக்கமாகத்தான் உதிக்கிறது என்பது போலப் பேசினர். ஒருவர் எண்ணே வேண்டாம், பெயர் வைப்போம் என்றார். உடனே ஆளுக்கொரு பெயர் வந்தது, எல்லாம் அவரவர் தகப்பனாருடையது. அதையும் விட்டார்கள்.

கடைசியில் அந்தப் பெண் எழும்பினாள். எழும்ப முயன்றபோது கதிரையும் கூடவே எழும்பியது. அதைக் கையால் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“எனக்கு ஒண்டாம் நம்பரும் வேண்டாம், ரெண்டாம் நம்பரும் வேண்டாம். ஒரு வருசத்துக்கு மட்டும் பழைய நம்பரை விட்டுத் தாங்கோ. பிள்ளைக்கு இடம் கிடைச்ச பிறகு நூறாம் ஒழுங்கை எண்டாலும் எழுதுங்கோ.”

மிஸ்ஸி திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். “பிள்ளை, எல்லாம் ஒரு வருசத்துக்கு எண்டுதான் தொடங்கிறது. நாங்களும் ஒரு வருசத்துக்கு எண்டுதான் இஞ்ச வந்தனாங்கள். வந்து மண்டித் தண்ணி குடிச்சனாங்கள்.”

பதில் இல்லாத இடத்தில் எங்கள் ஊர் உபகுழு அமைக்கும். ஒழுங்கைகளின் உண்மையான வரலாற்றை ஆராய்ந்து அறிக்கை தர ஒரு குழு, அதற்கு நடுநிலையாளனான நான் தலைவர். நான் பெருமையுடன் ஏற்றுக்கொண்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன். அறிக்கைக்குக் கால எல்லை வைக்கவில்லை. பாடசாலை விண்ணப்பத்துக்கு இருந்தது.

இதைப் பார்த்துக் கிராம சேவகருக்கே மனம் இளகியிருக்க வேண்டும். அவர் ஒரு கடிதம் கொடுத்தார். மேற்படி பெண் இரண்டாம் ஒழுங்கையிலோ, அல்லது ஆறாம் ஒழுங்கையிலோ, அல்லது இரண்டும் ஒன்றாயின் அதிலோ, நிரந்தரமாக வசிப்பவர் என்று. அரச முத்திரையுடன் நான் வாசித்த மிக நேர்மையான வாக்கியம் அது. பாடசாலை அதை வைத்துக்கொண்டு, சரி, நேரில் வந்து வீட்டைப் பார்க்கிறோம் என்றது.

சொன்ன நாளில் அவள் கடையில் லீவு எடுத்தாள். மகளுக்குத் தலை இழுத்து, பூச்சட்டை போட்டு, முன் கதிரையில் இருத்தினாள். சுவரில் தன்னுடைய சின்ன வயதுப் படம் தெரியும்படி அலுமாரியை நகர்த்தினாள், இந்த வீட்டில்தான் வளர்ந்தாள் என்பதற்குச் சாட்சியாக. கேக் வாங்கி வைத்தாள். காலை போனது. மத்தியானம் போனது. பிள்ளை கதிரையிலேயே நித்திரையாகிவிட்டது. பின்னேரம் நான் எட்டிப் பார்த்தபோது அவள் கேக்கை வெட்டி எனக்குத் தந்தாள். யாரும் வரவில்லை. இடம் போய்விட்டது என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

சில கிழமைகள் கழித்துப் பாடசாலைப் பலகையில் பெயர்ப்பட்டியல் தொங்கியது. அதில் மகளின் பெயர் இருந்தது. வீட்டுப் பரிசோதனை திருப்தி என்று அலுவலகத்தில் சொன்னார்களாம்.

அவள் நேரே என்னிடம்தான் வந்தாள், வெளிறிய முகத்துடன். “அண்ணை, அவை வரவே இல்லை. நான் போய்ச் சொல்லட்டோ? பிறகு தெரிஞ்சால் பிள்ளையை நிப்பாட்டுவினமோ?”

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆண்டு தேட ஒரு பின்னேரத்தைக் கொடுத்தவன் நான். ஆதாரம் இல்லாமல் ஒரு கிணற்றுக்குக்கூட வயது சொன்னதில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேளாதைங்கோ. வெள்ளைச் சட்டைத் துணி வாங்குங்கோ.”

ஆனாலும் குணம் விடாது. பாடசாலையிடம் கேட்க ஏலாது, ஊரிடம் கேட்கலாம் அல்லவா. பலகையில் இரண்டு என்று எழுதிய ஒழுங்கை இப்போது வடக்கில் இருக்கிறது. அங்கே பதினான்காம் இலக்கம் மிஸ்ஸியுடையது. அவர் தனியாக வசிப்பவர். பேரப்பிள்ளைகள் கனடாவில். போனேன். படலைக்கு உள்ளே நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாடசாலையிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

“செவ்வாக்கிழமை வந்தவை. தேத்தண்ணி குடிச்சவை. போனவை. உங்கட சரித்திரத்துக்கு இது காணும்.”

“பிள்ளை எங்கை எண்டு கேட்டவையோ, மிஸ்ஸி?”

“எத்தினை பேர் எத்தினை கேள்வி கேக்கினம். எல்லாத்துக்கும் நான் ஓம் எண்டுதான் சொல்லுறனான்.” கீரைக் காம்பை என் பக்கமாகவே எறிந்தார். “டெங்கு பாக்க வந்தவையோ தெரியாது.”

சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் வேறு கதை சொல்கிறார். ஒரு வியாழக்கிழமை கோப்புகளுடன் மூன்று பேர் தன் கடையில் வடை தின்றுகொண்டு ஏதோ எழுதினார்கள், எந்த ஒழுங்கைக்குள்ளும் இறங்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்கள் என்று. அவர் சொன்ன கிழமை நாள் மிஸ்ஸி சொன்னதுடன் ஒத்துவரவில்லை. இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன்.

பிள்ளை இப்போது முதலாந் தரத்தில் படிக்கிறது. உபகுழுவின் அறிக்கை இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பரிசோதகர்கள் அன்று பார்த்த பதினான்காம் இலக்க வீடு எது, அல்லது வீடு ஒன்றையேனும் பார்த்தார்களா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.