பதினோராம் கட்டிலின் சன்னல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அரசாங்கத்தில் கட்டடப் படம் வரைகிறவன், டேப் வைத்து அளக்க முடியாத எதையும் நம்பியதில்லை. இதையும் உங்களை நம்பச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எழுபத்தெட்டாம் வருடம் என் மனைவி ராசாத்தி மஞ்சள்காமாலை முற்றி மதுரையில் ஒரு பழைய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள். மாடி வார்டு, பதினோராம் கட்டில். ஆபீஸ் முடிந்து கோச்சடை வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் போய்ப் பார்ப்பேன். கிளம்பும்போதெல்லாம் ஒன்றையே சொல்வாள்.

"அந்தச் சன்னலச் சாத்திட்டுப் போங்க. காத்து தாங்கல."

அவள் தலைமாட்டில் இருந்தது வெறும் சுவர். வியாதி தலைக்கேறிவிட்டது என்று நினைத்து, சுவரில் கையை வைத்துச் சாத்துவதுபோல் செய்வேன். உடனே தூங்கிவிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் போய்விட்டாள். நான் அப்போது ஆபீசில் ஒரு பாலத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், எனக்கு அழுகையே வரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் ஆபீசுக்குப் போய் பாதியில் விட்ட கோட்டை வரைந்து முடித்தேன்.

நாலு மாதம் கழித்து அந்த வார்டை இடிக்க முடிவாகி, அளவெடுக்கிற வேலை என்னிடமே வந்தது. மாட்டேன் என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை. ரிக்கார்டு ரூமில் இருந்த சுப்பையா அண்ணன் பழைய படங்களைத் தூசி தட்டிக் கொடுத்தார். விக்டோரியா ராணி காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் வரைந்தவை.

"இந்த மனுசன் ஆயுசுக்கும் ஆஸ்பத்திரி மட்டுந்தேன் வரைஞ்சிருக்காரு மாப்ள. ஒரு பங்களா கெடையாது, ஒரு சர்ச்சு கெடையாது. எம்புட்டுக் கட்டு கெடக்கு பாரு."

விரித்து விரித்துப் பார்த்தேன். வாலிபத்தில் வரைந்த வார்டுகளில் சன்னல் சின்னதாக இருந்தது. வருடம் ஏற ஏறப் பெரிதாகிக்கொண்டே வந்து, கடைசிக் காலத்தில் ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் ஒரு சன்னல் வைத்திருந்தார். முதல் மருந்து காற்று என்று ஓரத்தில் அவர் கையாலேயே இங்கிலீஷில் எழுதியிருந்தது. எத்தனை பேர் மூச்சு முட்டிச் செத்ததைப் பார்த்தாரோ.

எங்கள் வார்டு அவருடைய கடைசிப் படங்களில் ஒன்று. அதில் பதினோராம் கட்டிலுக்கும் சன்னல் இருந்தது.

கொத்தனாரை விட்டு அந்தச் சுவரைக் கொத்தச் சொன்னேன். பூச்சும் ஒரு வரிசைச் செங்கலும் உதிர்ந்ததும் உள்ளே நிலையும் கதவுமாக முழுச் சன்னல். அதற்கு வெளிப்பக்கமும் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். எப்போது அடைத்தார்கள் என்று ஒரு தாளிலும் இல்லை. அளந்து குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். பழைய ஆயா யாராவது ராசாத்தியிடம் சொல்லியிருப்பார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தச் சமாதானம் ஐந்து வருடம் வரைதான் தாங்கியது. எழுமலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னயத் தெரியலையாண்ணே? உங்க வீட்டம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில்ல கெடந்தேன்ல."

அவளாகவே சொன்னாள்.

"அவுக போன அன்னைக்கு மதியம் எந்திரிச்சு உக்காந்து, செவுத்துப் பக்கம் திரும்பி அளவு சொல்லிக்கிட்டிருந்தாகண்ணே. ஏழடி, மூணரையடின்னு. அங்கிட்டுருந்து கேக்கக் கேக்க இவுக சொன்னாக."

நான் டேப் பிடித்து அளந்தபோது அந்தச் சன்னல் ஏழடிக்கு மூன்றரையடி இருந்தது.

"கேட்டது யாரும்மா?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஆம்பளக் கொரலு. கடைசியா இவுக 'இந்தா வாரேன்'னு சொல்லிட்டுப் படுத்தாக. நீங்க கூப்புடுறீகன்னுல்ல நெனச்சேன்."