பின்னால் நடக்கிற வழிகாட்டி

எபிசனுக்கு நடை பிடிக்காது. முப்பத்திரண்டு வருடம் குழித்துறை–திற்பரப்பு பேருந்தில் கண்டக்டராக இருந்தவர், முக்குக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கக்கூட ஸ்கூட்டரில்தான் போவார். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற மறுமாதமே, காடு மேடு பார்க்க வரும் வெளியூர்க்காரர்களோடு நடக்கிற வேலையில் சேர்ந்தார்.

"முப்பத்திரெண்டு வருசம் நின்னே தீத்தியளே, இனி நடந்தும் தீக்கணுமா?" என்றாள் மனைவி ஜெபகுமாரி.

"வீட்டுல இருந்தா நீ ஏசுவ. அங்க உள்ளவங்க இங்கிலீசுலதான் ஏசுவாங்க. எனக்கு விளங்காதுல்லா?"

உண்மைக் காரணம் வேறு. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருடைய விசிலுக்கு நிற்க உலகத்தில் ஒரு ஜீவன் இல்லை. வீட்டு நாய்கூட இல்லை.

நடைப்பயணங்களை ஏற்பாடு செய்யும் ஸ்டெனி நாகர்கோவில் பெண். எபிசனிடம் அவள் கண்ட குறை ஒன்றே ஒன்று: வழிகாட்டியான மனிதர் கூட்டத்துக்குக் கடைசியில் நடந்தார். பின்படிக்கட்டில் நின்று பழகியவருக்கு எல்லாருடைய பிடரியும் கண்ணில் பட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் கணக்கு நிற்காது.

"அங்கிள், நாம போடுத வீடியோவுல பாத்தா டூர் வந்த ஆளு வழிதவறி நிக்கிய மாதிரி இருக்கு. கைடுன்னா முன்னால போணும். இந்தச் சனிக்கிழமையும் பின்னால நின்னியன்னா, சீசனுக்கு நான் வேற ஆளு பாத்துக்கிடுவேன்" என்று சொல்லி, அவர் கையில் ஒரு மஞ்சள் கொடியைக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திற்பரப்பில் பதினெட்டுப் பேர் கூடினார்கள். கால்வாய்க் கரையைப் பிடித்து, ரப்பர் தோட்டம் தாண்டி, மாத்தூர் தொட்டிப்பாலத்தில் முடிகிற நடை. வண்டி எடுக்குமுன் சொல்லும் சின்ன ஜெபத்தை முணுமுணுத்துவிட்டு, எபிசன் கொடியோடு முன்னால் நடந்தார்.

நடந்தார் என்பதைவிட, பின்னால் பார்த்துக்கொண்டே முன்னால் போனார் என்பது சரி. ரப்பர் தோட்டத்துக்குள் மூன்றாவது முறை திரும்பியபோது மரத்தில் மோதினார். அதில் கட்டியிருந்த சிரட்டையில் வடிந்திருந்த ரப்பர் பால் முழுவதும் சட்டையில் கவிழ்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் பாதிப்பேர் செல்போன் வரைபடத்தை நம்பி இடதுபக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

எபிசன் பையிலிருந்து விசிலை எடுத்து ஒருமுறை ஊதினார்.

அத்தனை பேரும் நின்றார்கள். கோயம்புத்தூர், மதுரை, சென்னை என்ற பேதமில்லை. ஒருவர் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றார். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கால்களுக்கே தெரியும்.

எண்ணினார். பதினேழு.

ஸ்டெனி ஓடி வந்தாள். "யாரு அங்கிள் காணல?"

"பேரு தெரியாது. நீலச் சட்டை, வலது காலு இழுக்கும். பொறப்படும்போதே அவருக்கு எறங்கப்போற முகம்."

"அது என்ன முகம்?"

"ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னயே தெரியும் மக்கா. பெஞ்சு கண்டா ஒரு பார்வை, நெழலு கண்டா ஒரு பார்வை. பின்னால நின்னிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்."

எல்லாரையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வந்த வழியே போனார். பத்து நிமிடத் தூரத்தில், ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையின் பெஞ்சில் நீலச் சட்டைக்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். சுயம்புராஜ், சென்னையில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்னால எல்லாருக்கும் லேட்டு. நீங்க போங்க, நான் ஆட்டோ பிடிச்சு வந்துடுறேன்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"பாலம் வரைக்கும் டிக்கெட் எடுத்த ஆள நடுவழியில எறக்கி எனக்குப் பழக்கமில்ல சார். முட்டு தாங்குமா?"

"மெதுவா நடந்தா தாங்கும்."

எபிசன் மஞ்சள் கொடியை அவர் கையில் வைத்தார். "அப்போ நீங்கதான் முன்னால."

"நானா? எனக்கு வழியே தெரியாதே!"

"வழி நான் பின்னால நின்னு சொல்லுகேன். நீங்க நடக்குத வேகம்தான் இண்ணைக்கு வண்டிக்க வேகம்."

கூட்டத்தோடு சேர்ந்ததும் ஸ்டெனி வாயைத் திறந்தாள். "அங்கிள், கொடி..."

"முன்னாலதான மக்கா போவுது?"

ஸ்டெனி செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினாள்.

அதன்பிறகு கடைசியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "வலதுபக்கம் ஒடி... சறுக்கும், பாத்து... அந்த சிவப்புத் தொப்பி, ஓவர்டேக் பண்ணாத!" வேகக்காரர்கள் முதலில் முனகினார்கள். பிறகு வேறு வழியில்லாமல் சுற்றிலும் பார்த்தார்கள். கால்வாயில் மீன்கொத்தி இருந்தது தெரிந்தது. சுயம்புராஜ் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். வண்டியும் நின்றது.

தொட்டிப்பாலத்தின் ஒற்றை ஆள் நடைபாதையில், தென்னந்தலைகள் எல்லாம் காலுக்குக் கீழே கிடக்க, கொடி பிடித்த சுயம்புராஜ் முதலில் அக்கரை சேர்ந்தார். திரும்பிப் பார்த்துக் கொடியை ஆட்டினார். கைதட்டல் எழுந்தது; சிவப்புத் தொப்பிதான் அதிகமாகத் தட்டினான். கடைசியாக வந்த எபிசன் பிடரிகளை எண்ணினார். பதினெட்டு.

ஸ்டெனி வீடியோவை நிறுத்திவிட்டு வந்தாள். "அடுத்த சனி இருவத்திநாலு பேரு, அங்கிள். சீசன் முடிய எல்லாச் சனியும் நீங்கதான்."

"சரி. எனக்க எடம் எங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "பின்னாலதான். வேற எங்க?"

எபிசன் ரப்பர் பால் காய்ந்து விறைத்த சட்டையோடு நிமிர்ந்து நின்று, விசிலை எடுத்து இரண்டுமுறை ஊதினார். கூட்டம் படியிறங்கத் தொடங்கியது. கீழே சாலையோரம் ஆளுக்காகக் காத்துக் கிடந்த மினிபஸ் ஒன்றும் சட்டென்று கிளம்பியது. டீக்கிளாசோடு அதன் கண்டக்டர் பின்னால் ஓடி டிரைவரைத் திட்டுவது மேலே வரைக்கும் கேட்டது.

எபிசன் விசிலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை.