கடைசி சீட்டு காலி

என் அக்கா வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். நானும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் தெருவில் அவருக்கு 'வாசல் மாமா' என்று பெயர். பிள்ளையை இறக்கிவிட்டு ஹாரன் அடித்துவிட்டுப் போகிற ரகம் இல்லை அவர். வீட்டுக் கதவு திறக்க வேண்டும், உள்ளேயிருந்து ஒரு பெரியவர் கை நீள வேண்டும், அந்தக் கையில் பிள்ளையின் கை சேர வேண்டும். அப்புறம்தான் கியர். பின்னால் காத்து நிற்கிற கார்க்காரர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா நான் என்பதால் திட்டில் பாதி எனக்கும் கிடைக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டியை வீட்டை ஒட்டிய ஷெட்டில் விட்டதும் கடைசி சீட்டு வரை நடந்து போவார். குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்ப்பார். எங்கேயோ ஒரு டிரைவர், தூங்கிப்போன குழந்தையைக் கவனிக்காமல் வண்டியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து இப்படி. பார்த்து முடித்ததும் "கடைசி சீட்டு காலி!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பூட்டுவார். கேட்க ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அது நடந்தது. நடந்து ஒரு வாரமாகிறது. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

அவருக்கு ஒரே பெண். கொறித்துக் கொறித்துச் சாப்பிடுவாள் என்பதால் நான் வைத்த பெயர் குருவி. வாராவாரம் பிரார்த்தனைக் கூடத்துக்குக் குடும்பத்தோடு போவோம். மாமாவுக்கு அதில் மழை, காய்ச்சல் என்ற சாக்கெல்லாம் கிடையாது. குருவிக்கு நல்ல குரல். அதனால் கூடத்தின் பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் குழு முதியோர் விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பாடிவிட்டு வரும். அவளுக்குக் காலும் நல்ல கால். எங்கள் வேன் போகிற அதே பள்ளியில்தான் படிக்கிறாள். அங்கே பி.டி. டீச்சர் அவளைக் கூடைப்பந்து அணியில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பயிற்சியும் சனிக்கிழமை சாயங்காலம்தான்.

போன வருஷம் இதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது. "தெய்வ காரியத்துக்கு முன்னாடி பந்தா?" என்றார் மாமா. "திறமையும் தெய்வம் குடுத்ததுதானே அண்ணே?" என்றார் டீச்சர். கூடத்துப் பாட்டு மாஸ்டர் சாதுவான மனிதர். நடுவில் புகுந்து, ஒரு வாரம் பாட்டு, ஒரு வாரம் பந்து என்று தீர்ப்புச் சொன்னார். மூன்று பேரும் உலகப் போரை நிறுத்தியவர்கள் மாதிரி கைகுலுக்கிக்கொண்டார்கள். குருவி பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

அதிலிருந்து அவள் ஒரு சனிக்கிழமை ஷூ பையோடு போவாள், மறு சனிக்கிழமை பாட்டுப் புத்தகத்தோடு போவாள். திரும்பும்போது வியர்த்து விறுவிறுத்துதான் வருவாள். பந்து வாரத்தில் அது சரி. பாட்டு வாரத்திலும் ஏன் அப்படி வியர்க்கிறது என்று ஒரு தடவை தோன்றியது. ஆஸ்பத்திரியில் ஃபேன் ஓடாதாக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போயிற்று?

மாமா சனிக்கிழமைகளில் மத்தியானத்துக்கு மேல் ஒரு டயர் கடையில் வேலை பார்ப்பார். பள்ளி இல்லாததால் வேன் ஷெட்டில் நிற்கும். அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. அன்றைக்கு அவள் வர இருட்டிவிடும்.

போன வெள்ளிக்கிழமை வேனில் ஒரு வாண்டு சொன்னது. "அங்கிள், நாளைக்கு நம்ம ஸ்கூல் கிரவுண்டுல ஃபைனல் மேட்ச்!" அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மாமா மகளிடம் மெதுவாக ஆழம் பார்த்தார்.

"நாளைக்கு என்னம்மா, மேட்சா?"

"இல்லப்பா. சும்மா ப்ராக்டிஸ்தான்."

மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். அவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா? ஃபைனல் ஆடப் போறா, வாயத் தொறக்கல. எவ்வளவு அடக்கம்! நாளைக்கு நாம போய் நிக்கிறோம். அவளுக்குத் தூக்கிவாரிப் போடணும்."

தூக்கிவாரிப் போட்டது. யாருக்கு என்பதுதான் விஷயம்.

மறுநாள் டயர் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், குருவி ஷூ பையோடு போனபிறகு திரும்பி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. ஜெயித்தால் அணி முழுவதையும் வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்று வேனையே எடுத்தார். நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

வழி முழுக்க மகள் புராணம்தான். "பக்தியும் இருக்கு, படிப்பும் இருக்கு, விளையாட்டும் இருக்கு. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு ஆயிடுமோன்னு பயந்தேன். ரெண்டுலயும் ஊனி நிக்கிறா பாரு என் பொண்ணு!" நானும் தலையை ஆட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது.

மைதானத்தில் ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது. மாமா ஒவ்வொரு முகமாகத் தேடினார். டீச்சர் கோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருந்தார். இடைவேளை வந்ததும் அவரிடம் போனோம்.

"டீச்சர், நம்ம பொண்ணு எங்க? தண்ணி குடிக்கப் போயிருக்காளா?"

டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ இப்ப டீம்ல இல்லையே அண்ணே. பாட்டுக் குழுவுல ஆள் பத்தல, இனிமே எல்லா வாரமும் அங்க போகணும்னு சொல்லி விலகிட்டாளே. ஆறு மாசம் இருக்குமே!"

மாமா சிரித்தார். டீச்சர் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்திருக்கிறார். டீச்சர் சிரிக்கவில்லை. "எனக்கு வருத்தம்தான். ஆனா சாமி விஷயத்துல நாம யாரு தடுக்க? மத்த பிள்ளைங்ககிட்டகூடச் சொல்லுவேன், பக்தின்னா அந்தப் பொண்ணுகிட்ட கத்துக்கணும்னு. உங்கள காலைல பாக்கும்போதெல்லாம் பாட்டு எப்படிப் போகுதுன்னு கேட்டேனே, நீங்களும் நல்லாப் போகுதுன்னுதானே சொன்னீங்க?"

ஆமாம், கேட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

மாமா வண்டிக்கு வந்தார். "கூடத்துல இருப்பா" என்றார். கோபத்தில் அவர் காது மடல் சிவந்திருந்தது. "ஆடப் பிடிக்கலைன்னா சொல்லிட்டுப் பாட்டுக்குப் போக வேண்டியதுதானே? ஷூ பைய தூக்கிட்டு எதுக்கு இந்த நாடகம்? இன்னைக்கு வெச்சிருக்கேன் அவளுக்கு!"

கூடத்து வாசலில் பாட்டுக் குழு விடுதிக்குக் கிளம்ப வரிசையாக நின்றிருந்தது. எங்களைக் கண்டதும் பாட்டு மாஸ்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன வேன்காரரே, அதுக்குள்ள மேட்ச் முடிஞ்சுதா? பொண்ணு ஜெயிச்சிட்டாளா? இப்பதான் எல்லாரும் கண்ண மூடி அவ டீமுக்காகப் பிரார்த்தனை பண்ணினோம்!"

மாமாவின் முகத்தை நான் பார்த்தேன். பேயறைந்த முகம் என்பார்களே, அது என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பாட்டு மாஸ்டர் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார். டீமில் ஆள் குறைவு என்று அவள் சொன்னதாம். இவர்தான் மனசார அனுப்பிவைத்தாராம். அதுவும் ஆறு மாசமாகிறதாம். வாராவாரம் பிரார்த்தனை முடிந்ததும் ஆட்டம் எப்படி என்று மாமாவிடம் கேட்டாராம். நல்லா ஆடுறா என்று மாமாவும் சொன்னாராம்.

சொன்னார்தான். அங்கே பாட்டைப் பற்றிக் கேட்டார்கள், இங்கே பந்தைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் பெரிய மனசு பண்ணி அவளை அடுத்த இடத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அவள் அங்கேயும் போகவில்லை, இங்கேயும் போகவில்லை. அப்படியானால் ஆறு மாசச் சனிக்கிழமைகளில் ஒரு பெண் பிள்ளை எங்கே போனாள்? யாரோடு போனாள்? இப்போது எங்கே இருக்கிறாள்? உலகத்தில் இருக்கிற கெட்டது அத்தனையும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

மாமா திரும்பி வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். சாவியைத் துவாரத்தில் செருக முடியவில்லை. இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிற கை. சாவி நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"ஊர்ப் புள்ளைங்கள எல்லாம் வாசல் வாசலா கையில புடிச்சுக் குடுத்தேனே" என்றார். "என் புள்ளைய எங்க எறக்கி விட்டேன்?"

அவர் அழுது நான் பார்த்ததில்லை. தலையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு குலுங்கினார். ஹாரன் அழுந்தி ஒரு தடவை அலறியது. பாட்டுக் குழு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் வண்டிக்குள்ளே பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா."

நான் வீறிட்டுக் கத்திவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பேய் என்றுதான் நினைத்தேன். மாமா எழுந்தார். சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து, தினமும் நடக்கிற அதே வழியில் பின்னால் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். கடைசி சீட்டுக்கும் அதற்கு முந்திய சீட்டுக்கும் நடுவில் தரையில் குருவி குறுகிக் கிடந்தாள். தலைக்கு அணையாக ஷூ பை. தலை முதல் கால் வரை வியர்வை. கண்கள் வீங்கியிருந்தன.

வீட்டிலிருந்தே எங்களோடு வந்திருக்கிறாள். மைதானத்துக்கும் வந்தாள், கூடத்துக்கும் வந்தாள். வழி முழுக்கப் பாடிய மகள் புராணத்தையும், பிறகு போட்ட திட்டையும் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள். அன்றைக்குச் சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத நாள், பூட்டிக் கிடந்த வண்டி. அதனால் மாமா கடைசி சீட்டைப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

சமையலறை ஆணியில் தொங்கும் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு, எல்லாச் சனிக்கிழமையும் ஷெட்டில் நிற்கிற வேனுக்குள்தான் இருந்திருக்கிறாள்.

"இதுக்குள்ள என்னடி பண்ணுவ?" என்று நான்தான் கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன் சித்தி. சும்மா படுத்திருப்பேன்."

"ஏன்டி? பாட்டும் பிடிக்கலையா, பந்தும் பிடிக்கலையா?"

"ரெண்டும் பிடிக்கும்." அவள் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போனா, எங்க போனாலும் நான் போன வாரம் வராதவதான்பா. இங்க புதுப் பாட்டு எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. வாய மட்டும் அசைப்பேன். கிரவுண்டுல என்னைய பெஞ்சுல உக்கார வெச்சிருவாங்க. ரெண்டு இடத்துலயும் யாரும் திட்டல. போன வாரம் நீ வரலல்ல, பரவால்லம்மான்னு சொல்லுவாங்க. அதக் கேட்டுக் கேட்டு..."

நான் ஓங்கிய கையைக் கீழே போட்டேன். ஆமாம், ஓங்கியிருந்தேன். பயந்த பயத்துக்கு நாலு வைக்க வேண்டும் என்றுதான் பின்னால் போனேன்.

மாமா அந்தக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மகளின் கையைப் பிடித்து எழுப்பிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பாட்டு மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். பாட்டிலை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை குருவியே டீச்சரிடம் போய் உண்மையைச் சொன்னாள். டீச்சர் முதலில் கத்து கத்தென்று கத்தினாராம், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பாட்டா, பந்தா, எதுவும் வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும், எப்போது வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருக்கிறது. அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மாமா பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்குச் சனிக்கிழமை. மத்தியானம் சமையலறைக்குப் போனால் ஆணியில் சாவி இல்லை. ஷூ பை மூலையில் இருக்கிறது, பாட்டுப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. மாமாவும் அந்த ஆணியைப் பார்த்தார். நேரே ஷெட்டுக்குப் போனார். என்ன ஆகப்போகிறதோ என்று நான் வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, டயர் கடைக்குப் போகச் செருப்பை மாட்டினார்.

"வண்டியப் பாத்துட்டீங்களா மாமா?" என்றேன்.

"பாத்துட்டேன். ஜன்னலத் தொறந்து வெச்சிட்டு வந்தேன்" என்றார். "கடைசி சீட்டுல ஆள் இருக்கு."