ஏழும்தான் ஓடி வந்துச்சு

போன மாதம் ஒரு சாயங்காலம், என் வீட்டுச் சமையலறையில் ஒரு எவர்சில்வர் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி, வேண்டுமென்றே கீழே போட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அம்மாள் பதறினார். "சார்... விழுந்துட்டியளா?"

"நான் இல்லம்மா. தட்டு!"

தனியாக வசிக்கும் கிழவன் வீட்டில் எது விழுந்தாலும், விழுந்தது கிழவன்தான் என்று ஊர் முடிவு செய்துவிடுகிறது. போகட்டும். தெருவே கேட்ட அந்தச் சத்தத்துக்கு, எனக்கு இரண்டடி தள்ளிப் படுத்திருந்த ஒருவன் மட்டும் காதைக்கூட அசைக்கவில்லை.

அவன் பெயர் முத்து. ஐந்து மாத ராஜபாளையம் நாய். வெள்ளை வெளேர் உடம்பு, ரோஸ் மூக்கு. ஜெர்மனிக்குப் போக வேண்டியவன்.

விற்றவர் செல்வி. செட்டியார்பட்டி. பகலெல்லாம் வீட்டில் நாய் வளர்ப்பு, சாயங்கால ஷிஃப்டில் பஞ்சாலை. வாங்கியவர் ஸ்டெல்லா. வ. புதுப்பட்டியில் பிறந்து, ஜெர்மனியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. செல்வி போட்ட வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டார். ஆனால் பயம். ஃபோட்டோவில் ஒரு நாய், கைக்கு வருவது வேறு நாய் என்று எத்தனை கதை கேட்டிருப்பார்! "ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பெரிய மனுசர் இருந்தா நல்லது" என்றாராம்.

பொது மனிதன் என்றால் யார்? வேறு வேலை இல்லாதவன். அப்படித்தான் செல்வி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி என்னிடம் வந்தார். துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகக் காலம் தள்ளியவன் நான். எந்தக் காகிதம் எந்தக் காகிதத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பது மட்டும்தான் வாழ்க்கையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம்.

முதலில் நாயின் தோலுக்கு அடியில் அடையாளச் சிப். அப்புறம்தான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசி செல்லாது. ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. அதிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைசியில் வாங்கியவரே நேரில் வந்து கூட்டிப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் நம்பர் போட்டு எழுதிக் கொடுத்தேன். "காகிதத்துல இருக்கிறதுதான் நிஜம், செல்வி. மத்ததெல்லாம் பேச்சு" என்று ஒரு உபதேசமும் செய்தேன். இலவசம்.

ஸ்டெல்லாவுக்கு நாயைத் தினமும் பார்க்க வேண்டும். அவருக்குத் தோதான நேரத்தில் செல்வி மில்லில் இருப்பார். அதனால் முத்து என் வீட்டுக்கு வந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ கால்.

ஐந்து நிமிடம் என்று ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் ஆனது. வ. புதுப்பட்டிப் பேச்சை அந்த ஊர்க் குளிரில் அப்படியே வைத்திருந்தார்.

"சாப்பிட்டானா அண்ணாச்சி?"

"சாப்பிட்டான்."

"நீங்க?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாராவது கேட்டு எத்தனை காலம் ஆயிற்று? என் பிள்ளைகள் கேட்பது "மாத்திரை போட்டீங்களா?" மட்டும்தான்.

எதற்காக நாய் என்பதையும் ஸ்டெல்லா முதல் வாரமே சொல்லியிருந்தார். "எனக்கு காது மந்தமாயிட்டே வருது. வாசல்ல ஆள் வந்தா தெரியல. இவன் குரைச்சா அந்த அதிர்வாவது தெரியும்லா?" ஏழு குட்டிகளில் முத்துவை ஏன் தேர்ந்தெடுத்தார்? "மத்ததெல்லாம் லொள்ளு லொள்ளுன்னு அலையுது. இவன் மட்டும் எம்புட்டு அமைதி!"

இப்போது தட்டுக்கு வருவோம். கூப்பிட்டால் திரும்பாதவனைச் சோதிக்கத்தான் அதைப் போட்டேன். மறுநாளே செல்வியை வரவழைத்தேன்.

"தட்டைத் தட்டிப் பாக்காமலா சார் விப்பேன்? இந்த வெள்ளைல செவிடு விழும்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று சண்டைக்கு வந்தார். "ஏழையும் வாசல்ல விட்டு, பின்னாடி நின்னு தட்டுனேன். ஏழும்தான் ஓடி வந்துச்சு!"

"ஆறு சத்தத்தைக் கேட்டு ஓடி வந்துச்சு. ஏழாவது, ஆறையும் பார்த்து ஓடி வந்துச்சு."

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சர்டிபிகேட்ல காதுன்னு ஒரு கட்டம் இருக்கா சார்?"

"இல்லை."

"பொறவென்ன? காகிதத்துல இருக்கிறதுதான் நெசம்னு நீங்கதான சொன்னிய?" என்றவர், உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது வெளிய தெரிஞ்சா, செவிட்டு நாயை ஏமாத்தி வித்தவள்னு ஆயிரும் சார். பொறவு எவன் என்கிட்ட வாங்குவான்? நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

நான் சொன்ன வழி... "யோசிப்போம்."

இரண்டு வாரம் யோசித்தேன். செல்வியின் பிழைப்புக்காக வாயை மூடியிருந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். உண்மையைச் சொன்னால் ஆறு மணிக்கு ஃபோன் வராது. அவ்வளவுதான்.

ஒருநாள் ஸ்டெல்லா கேட்டார். "நான் கூப்பிட்டா திரும்புவானா அண்ணாச்சி? ஃபோனைக் கிட்டக்க வைங்க."

"முத்தூ..." என்றார். நான் கேமராவுக்கு மேலே ஒரு பிஸ்கட்டைத் தூக்கி ஆட்டினேன். முத்து சட்டென்று தலையைத் திருப்பி, நேராக அவரையே பார்த்தான்.

ஸ்டெல்லா அழுதுவிட்டார். "என் குரல் தெரியுது அவனுக்கு!"

சர்வீஸ் முழுக்க எத்தனையோ பேர் என்னை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். கள்ளக் கணக்கு, கள்ள முத்திரை, கள்ளக் கையெழுத்து... எல்லாம் பிடித்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு சுத்தமான ஒரு மோசடியை நான் பார்த்ததில்லை. செலவு, ஒரு பிஸ்கட்.

மறுநாள் செல்வியை ஒரு ஷிஃப்ட் லீவு போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஸ்டெல்லா திரைக்குக் கிட்டே வந்தார். அப்புறம், "அப்ப நேத்து என்னைப் பாத்தானே?"

"பிஸ்கட்டைப் பார்த்தான்மா. நான்தான் ஆட்டினேன்."

கால் துண்டானது.

ஒரு நாள், இரண்டு நாள்... ஐந்து நாள். ஆறு மணிக்கு ஃபோனைத் துடைத்து ஸ்டாண்டில் வைப்பேன். ஏழு மணிக்கு எடுத்துவிடுவேன்.

இதற்கிடையில் செல்வி என்ன செய்தார் தெரியுமா? வேறொரு தாய் ஈன்ற குட்டிகளை ஒவ்வொன்றாக ஒரு மூடிய அறைக்குள் விட்டு, முதுகுப் பக்கம் நின்று தட்டைத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வீடியோ எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு. "தப்பு என்மேலதான்க்கா. உங்க அட்வான்ஸைத் திருப்பித் தாரேன். பணம் வேணாம்னா, இதுல எந்தக் குட்டி வேணும்னு நீங்களே பாருங்க. தட்டுல நான் கை வைக்கும்போது அந்தக் குட்டிக்குப் பக்கத்துல வேற குட்டி எதுவும் இல்லை."

ஸ்டெல்லா ஒரு பெட்டைக் குட்டியைத் தேர்ந்தெடுத்தார். இந்த முறை, தட்டுச் சத்தத்துக்கு மிரண்டு, சுவரில் முட்டிக்கொண்டு, திரும்பி நின்று குரைத்த குட்டியை.

போன வாரம் செல்வி வந்தார். இனிப்பு கொடுத்தார். ஷிஃப்டைக் காலைக்கு மாற்றிக்கொண்டாராம். "இப்பம் அக்கா டெய்லி என்கூடத்தான் சார் பேசுதாவ. ஆறு மணிக்கு."

"படிவமெல்லாம்?"

"நீங்க நம்பர் போட்டு எழுதிக் குடுத்த தாள் இருக்குல்லா? அதைப் பாத்து நானே நிரப்பிட்டேன். உங்களை எதுக்கு சும்மா தொந்தரவு பண்ணிக்கிட்டு..."

வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நம்பிக்கையைக் கட்டுவது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால், இனி அனுபவத்தோடு சொல்வேன். நம்பிக்கை வந்துவிட்டதற்கு ஒரே அடையாளம்தான். நடுவில் நின்ற ஆள் தேவைப்பட மாட்டான்.

"அக்கா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாங்களா?" இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. செல்வியே படியிறங்கும்போது திரும்பி, "முத்துவைக் கூட்டிட்டுப் போயிரட்டா சார்?" என்றார்.

"கிடக்கட்டும்" என்றேன்.

கிடக்கிறான். ஆறு மணி ஆனால் எழுந்து வந்து, ஃபோன் ஸ்டாண்டுக்கு எதிரே உட்காருகிறான். பிஸ்கட் வந்த திசையைப் பார்க்கிறான். நானும் பக்கத்தில் உட்காருகிறேன்.

அவனுக்கு ஒரு வசதி. ஃபோன் அடிக்காமல் இருப்பது அவனுக்குக் கேட்காது.