குறுக்கே போட்ட மூன்று வரி

சாராளின் கடைக்குப் போர்டு கிடையாது. தொண்டாமுத்தூர் ரோட்டில் லாரிப் படுதா தைக்கிற அக்கா என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். ஐம்பத்திரண்டு வயது, வாய் கொஞ்சம் நீளம். கூடாரம் தைக்கிற கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்தவள். அதை மூடியபோது, தான் ஓட்டிய பழைய இரும்பு மெஷினையே கேட்டு வாங்கி வந்தாள். பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதை எதற்கம்மா தூக்கிப் போகிறாய் என்று மேனேஜர் சிரித்தார். சிரிக்கட்டுமே. நாலு மடிப்பு கேன்வாஸைக் கண்டால் புது மெஷின்கள் ஊசியை ஒடித்துக்கொள்ளும். இது அசராது. துணி ரொம்பத் தடிமன் என்றால் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றித் தைப்பாள்.

அன்று காலை பாலுசாமி பைக்குக்கு ஸ்டாண்ட் கூடப் போடாமல் ஓடிவந்தான். அவனுடைய சினைப்பசு தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டது. இரண்டு பேர் தண்ணீரில் இறங்கித் தலையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். கிரேன் தயார். ஆனால் கயிறு போட்டுத் தூக்கினால் வயிற்றை அறுத்துவிடும். தொட்டில் போல அகலமான கேன்வாஸ் வேண்டும், நாலு மூலையிலும் கொக்கி மாட்டக் காது வைத்து.

"ஏனுங்கக்கா, இன்னும் ஒரு மணி நேரந்தானுங்க தாங்கும். எப்படியாச்சும் தெச்சுக் குடுத்துப்போடுங்க."

மூன்று காது முடிவதற்குள் அவன் பத்து தடவை நச்சரித்துவிட்டான்.

"குறுக்கால இன்னும் நாலு வரி ஓட்டுங்கக்கா. அரை டன் எடைங்க."

"ஊசி எறங்குற எடமெல்லாம் ஓட்டைங்க தம்பி. நீளவாக்குல போட்டாத்தான் புடிக்கும். குறுக்கால நெருக்கிப் போட்டா தபால்தலை கிழியறாப்பல கிழிஞ்சுபோயிரும். சித்தெ பேசாம நில்லுங்க."

நாலாவது காதை மெஷினில் வைத்தபோது போன் அடித்தது. பசுவின் மூக்கு முங்குகிறதாம். பாலுசாமி அழ ஆரம்பித்தான். சாராளின் கண் துணியை விட்டு அவன் போனுக்குப் போனது. காதைத் தைத்த கை நிற்காமல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே போனது. நூலை அறுத்து அவன் கையில் திணித்தாள். பைக் பறந்தது.

சிந்திக் கிடந்த நூலைப் பொறுக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கடைசிக் காதில் குறுக்கே நெருக்கமாக மூன்று வரி போட்டிருக்கிறாள். போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. லாரிக்காகத் தைத்து வைத்திருந்த நீளப் பட்டை ஒன்று சுவரில் தொங்கியது. அதை உருவிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். "கர்த்தரே, அறுந்துபோகக் கூடாது" என்று வழியெல்லாம் வாய் முணுமுணுத்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது பசு தண்ணீருக்கு மேலே பத்தடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காதில் தையல் வரியோடு துணி விரலகலம் பிளந்திருந்தது.

"எறக்குங்க! எறக்குங்க!"

"மேல வர்ற மாட்டையா? பைத்தியமாக்கா உங்குளுக்கு?" பாலுசாமி கத்தினான்.

"அந்தக் காது கிழியுதுங்க. தப்பு என்னுதுங்க. எறக்கச் சொல்லுங்க!"

கிரேன்காரர் பாலுசாமியின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கவில்லை. இறக்கிவிட்டார். பசு மறுபடியும் தண்ணீருக்குள் போய் ஈனமாகக் கத்தியது. சாராள் பட்டையை வீசினாள். வெறும் பட்டை என்றால் வயிற்றை அறுக்கும். தொட்டிலுக்கு அடியில் கொடுத்தால் பாரத்தை வாங்கிக்கொள்ளும். கீழே இருந்தவர்கள் மூழ்கி மூழ்கி அதை நுழைப்பதற்குள் பசுவின் மூக்கு இரண்டு தடவை முங்கியது. கூட்டத்தில் ஒருவர் சாராளைத் திட்டவே செய்தார். அவள் பட்டையை எங்கே நுழைப்பது என்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டையின் இரு முனையையும் கொக்கியில் மாட்டியதும் கிரேன் மறுபடி தூக்கியது. பாதிக் கிணற்றில் காது முழுசாகக் கிழிந்தது. பசு ஒரு பக்கம் சாய்ந்தது. பட்டை பிடித்துக்கொண்டது.

பசுவை மேட்டில் கிடத்தியதும் பாலுசாமி கிழிந்த காதைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"நான் நச்சரிச்சதுனாலதானுங்க குறுக்கால போட்டீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான்.

"இல்லீங்க தம்பி. நீங்க சொன்னப்ப நான் போடவே இல்லீங்களே. மாடு முங்குதுன்னதும் எனக்கே பயமாப் போயிருச்சுங்க. அதான் போட்டுட்டேன்."

அவன் கிழிந்த காதைக் கீழே போட்டான். பசுவின் பக்கத்தில் மண்டியிட்டு வயிற்றில் கையை வைத்தான். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"கன்னு அசையுதுங்கக்கா," என்றான்.

சாராள் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதாள்.