பொபோஸ் அவர்களின் மரண அறிவித்தல்

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் றெனோல்டைத் தெரியாத தமிழர் குறைவு. அவர் ஒரு எழுத்தாளர் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் எக்ஸ்ரேக்குக் கொண்டுபோவது அவருடைய வேலை. அங்கே காத்திருக்கிற அறையில் கிடந்த பிரெஞ்சுச் சித்திரக்கதைப் புத்தகங்களில்தான் மனிசன் பொபோஸையும் டெய்மோஸையும் கண்டுபிடித்தார். கிரேக்கரின் போர்க் கடவுள் ஏரெஸின் பிள்ளைகள். பொபோஸ் என்றால் பயம், டெய்மோஸ் என்றால் கிலி. ஒரு புத்தகத்தில் சிங்கத்தலையோடு வருவான்கள், இன்னொன்றில் கறுப்புக் கோட்டுப் போட்ட வில்லன்கள்.

"எங்களை ஊரைவிட்டுக் கலைச்சதே இவங்கள்தானடாப்பா!" என்று சிரித்துவிட்டு, றெனோல்ட் அந்த இரண்டு பேரையும் தன் கதையில் மொன்றியலுக்கு அகதியாகக் கூப்பிட்டுவிட்டார். இலவசத் தமிழ் வாரப் பத்திரிகையில் தொடர்கதை. உலகத்தையே நடுங்க வைத்த பொபோஸ், தை மாத ஐசில் நடக்கப் பயந்து விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான்.

எழுதி என்ன? மனைவி யோசெப்பின் அந்தப் பேப்பரை விரித்துத்தான் மீன் வெட்டுவா.

"இந்தக் கிழமைக் கதை பாத்தனீரோ?"

"மீன் வெட்டேக்க எங்கயப்பா பாக்கிறது?"

2004 மாசியில் பத்திரிகை ஆசிரியர் உருத்திரமூர்த்தி தொலைபேசியில் கூப்பிட்டார். "றெனோல்ட், உம்மட கதையை ஒரு சனமும் வாசிக்கேல்லை. விளம்பரத்துக்கு இடம் காணாது. வாற கிழமையோட முடிச்சுப்போடும்."

றெனோல்டுக்கு ஆயிரம் பேர் வேண்டாம், ஒரே ஒரு ஆள் வாசித்திருந்தாலே போதும் என்றிருந்தது. அந்தக் கோபத்தில் கடைசி அத்தியாயத்தை மரண அறிவித்தலாகவே எழுதி அனுப்பினார்:

"ஒலிம்பஸ் மலையைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட பொபோஸ் அவர்கள் பனியில் சறுக்கி விழுந்து அகாலமரணமானார். அன்னார் ஏரெஸ் – அப்ரொடைற்றி தம்பதிகளின் அன்பு மகனும், டெய்மோஸின் பாசமிகு சகோதரனும் ஆவார். தொடர்புகளுக்கு: டெய்மோஸ்."

தொடர்பு இலக்கம் இல்லாமல் என்ன மரண அறிவித்தல்? தன் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையே போட்டுவிட்டார். உருத்திரமூர்த்தியோ அந்தக் கதையை ஒருநாளும் வாசித்தவரில்லை. கறுப்புக் கரை கட்டி, குத்துவிளக்குப் படமும் வைத்து, உண்மையான அறிவித்தல்களுக்கு நடுவில் போட்டுவிட்டார். எங்கள் சனம் பேப்பரில் வேறு எதை விட்டாலும் அந்தப் பக்கத்தை விடுமோ?

சனிக்கிழமை விடியத் தொடங்கிய தொலைபேசி ஓயவில்லை. "ஐயோ, சின்ன வயசோ தம்பி? எப்ப பிரேதம் எடுக்கினம்?" என்றது ஒரு குரல். மொன்றியல்-நோரிலிருந்து ஒருவர், "ஏரெஸ் மாஸ்டர் எனக்குக் கணக்குப் படிப்பிச்சவரெல்லே!" என்று அழுதேவிட்டார். றெனோல்ட் வெட்கத்தில் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

அடுத்த அழைப்பை யோசெப்பின் எடுத்தா. கதவுக்குப் பின்னால் றெனோல்ட் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"இல்லையக்கா, அது கதை. எண்டாலும் அவன் செத்திருக்க மாட்டான். மெற்றோத் தண்டவாளத்தில விழுந்தே எழும்பி வந்தவன், ஐசில விழுந்து சாவானோ? அவன்ர சிங்கத்தலையை டெய்மோஸ் ஃபிறிட்ஜுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறான். அது இருக்குமட்டும் ஆளுக்கு ஒண்டும் நடக்காது. ஓமக்கா, நானெல்லோ ஒரு கிழமையும் விடாமல் வாசிக்கிறன்."

றெனோல்ட் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "நீர் மீனெல்லே வெட்டுறனீர்?"

"வாசிச்சு முடிச்சுத்தான் வெட்டுறனான்." யோசெப்பினுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏனப்பா அந்தப் பெடியனைச் சாக்காட்டினனீங்கள்? பாவம், டெய்மோஸ் தனிச்சுப்போச்சு."

றெனோல்டுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தொலைபேசியை வாங்கி உருத்திரமூர்த்திக்கு அடித்தார்.

"அண்ணை, நீங்கள் இடம் தந்தாலும் சரி, தராட்டிலும் சரி. எனக்கு ஒரு வாசகி இருக்கிறா. பொபோஸ் எழும்பத்தான் வேணும்."