தம்பிக்கு வேறு நட்சத்திரம்

மயிலாப்பூர்க் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் இரண்டே கேள்விதான் கேட்பார். பெயர் என்ன, நட்சத்திரம் என்ன. என் தம்பிக்கு அதில் ஒன்றுதான் இருந்தது. மாதம் நிறையும் முன்பே பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியிலேயே கிடந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். பிறந்த அன்றே அப்பா ஜோசியரைக் கேட்டு வந்து திருவாதிரை என்று சொல்லியிருந்தார். பெயர் வைக்கும்வரை இருக்கட்டுமே என்று வீட்டில் எல்லோரும் அவனைத் திருவாதிரை என்றே கூப்பிட்டோம். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

அவன் போன பிறகும் அம்மா அர்ச்சனையை விடவில்லை. “பேரு இன்னும் வெக்கல சாமி, திருவாதிரைன்னு மட்டும் சொல்லுங்க” என்பாள். குருக்களுக்கு விஷயம் தெரியாது. மந்திரம் சொல்லி, கற்பூரம் காட்டி, தட்டைத் திருப்பித் தந்துவிடுவார். ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். “செத்த புள்ளைக்கு ஆயுசு கேட்டுக்கினு கீறியே, உனக்கு இன்னா பைத்தியமா?” என்று கோயில் வாசலிலேயே கத்தினார். கத்திவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனவர் அன்றைக்குச் சோற்றுக்கே வரவில்லை. அம்மா அதோடு கோயிலை விட்டாள். சோற்றையும் பாதி விட்டாள். என் தலையை வாரிவிடக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

எங்கள் வீடு கோட்டூர்புரத்தில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். தி.நகரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. உலகத்தில் எந்தத் துக்கத்துக்கும் ஒரு ஆப் உண்டு என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. மார்கழியில் ஒரு சாயங்காலம் அம்மாவைக் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துப் போய், நட்சத்திரங்களுக்குப் பெயர் காட்டும் ஒரு ஆப்பைத் திறந்து, போனை வானத்துக்கு நேராகப் பிடித்தார். வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர் வந்தது. அதைத் தேடிப் படித்துவிட்டு, “யக்கா, இதாங்கா திருவாதிரை. இங்க கீறான் பாரு உன் புள்ள. குருக்களும் வாணாம், தட்டும் வாணாம்” என்றார். கிழக்கே, துணி காய்கிற கொடிக்கு மேலே, சிவப்பாக ஒன்று இருந்தது.

அம்மா சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள். மறுநாளிலிருந்து அடுப்பு வேலை முடிந்ததும் மாடிதான். என்னையும் கூட்டிப் போவாள். சில நாள் அதைப் பார்த்து, “துன்னியாடா?” என்று கேட்பாள். அவனோ பால் குடிக்கவே கற்றுக்கொள்ளாமல் போனவன். எனக்குச் சிரிப்பு முட்டும், அடக்கிக்கொள்வேன். ஏனென்றால் அம்மா மறுபடி சாப்பிட ஆரம்பித்திருந்தாள், எனக்கு இரட்டைப் பின்னல் போட ஆரம்பித்திருந்தாள். அந்த நட்சத்திரம் அங்கே இருக்கிறவரை எனக்கு அம்மா உண்டு என்பது எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

தை பிறந்ததும் அது மங்கத் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தவள் அம்மாதான். “இன்னாடி இது, டல்லடிக்குது? உனக்கும் அப்டித்தான் தெரியுதா?” என்றாள். மாமா பனி என்றார், புகை என்றார், போகிக்குக் கொளுத்திய டயர் என்றார். சுற்றி இருந்த நட்சத்திரங்கள் எல்லாம் குத்துக்கல்லாக அப்படியே இருந்தன. இவன் மட்டும் நாளுக்கு நாள் இளைத்தான். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் இளைத்தான் என்று அம்மா சொன்னதும் மாமா போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டிலிருந்து கோளரங்கம் நடக்கிற தூரம். பக்கத்தில் இருந்த ஒரே குற்றத்துக்காக அதுவரை நாங்கள் அங்கே போனதில்லை. அங்கே கேட்டால் தெரிந்துவிடும் என்று மாமா என்னைக் கடைசிக் காட்சிக்குக் கூட்டிப் போனார். சாய்ந்த நாற்காலி, ஏசி, இருட்டு. திரையில் சூரியன் மறைவதற்குள் மாமா குறட்டை விட ஆரம்பித்தார்.

நான் இமைக்கவில்லை. தலைக்கு மேலே வாயுவும் தூசியும் மேகமாகத் திரண்டன. மேகம் தன் பாரத்தாலேயே சுருங்கிச் சுருங்கி, சூடேறி, நடுவில் ஒரு நட்சத்திரம் பற்றிக்கொண்டது. பிறப்பு அவ்வளவு அழகாக இருந்தது! பிறகு, காட்சியை விளக்கிக்கொண்டிருந்த குரல் மற்றதையும் சொன்னது. சின்ன நட்சத்திரங்கள் இருப்பதைச் சிக்கனமாக எரித்து நெடுங்காலம் வாழுமாம். பெரியவை வாரியிறைத்து எரித்துச் சீக்கிரம் தீர்ந்துபோகுமாம். தீருகிற காலத்தில் ஊதிப் பெருத்துச் சிவக்கும். பிறகு ஒருநாள் உள்ளே இருப்பதெல்லாம் இடிந்து விழுந்து, வெடித்துச் சிதறும். உதாரணத்துக்கு வானத்தில் ஒன்றைக் காட்டினார்கள். அதன் பெயரைச் சொல்வதற்கு முன்பே அது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

விளக்குப் போட்டதும், அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் ஓடினேன். “திருவாதிரை சாவப் போவுதா?”

ஒரு சின்னப்பெண் இப்படிக் கேட்கிறாளே என்று அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். பாவம், அவருக்கு என்ன தெரியும். “ஆமாம்மா, அது கடைசிக் கட்டத்துல இருக்கு. நாளைக்கே வெடிக்கலாம், லட்சம் வருஷம் கழிச்சும் வெடிக்கலாம். நாம பார்க்கிறதே பல நூறு வருஷத்துக்கு முன்னாடி கிளம்பின வெளிச்சம். இந்நேரம் அது செத்துப் போயிருந்தாக்கூட நமக்குத் தெரியாது” என்றார். லட்சம் வருஷம் என் காதில் ஏறவே இல்லை. நாளைக்கே என்பதுதான் ஏறியது. அப்படியானால் சாகாதது எது என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். “எல்லாம் ஒருநாள் போகும். ஆனா சின்னச் சின்னதா, மங்கலா, சிவப்பு நட்சத்திரங்க இருக்கு. அதுல ஒண்ணுகூட இதுவரைக்கும் வயசாகிச் சாகலை, அவ்வளவு ஆயுசு. சூரியனை விட்டா நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிறதே அப்படி ஒண்ணுதான். வெறும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

ஆயுசும் உண்டு, பக்கத்திலேயும் இருக்கிறது. ஒரு தம்பிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? தூக்கம் கலையாத மாமாவைப் பின்னால் விட்டுவிட்டு வீடுவரை ஓடினேன்.

அம்மா மாடியில் நின்றுகொண்டிருந்தாள். “யம்மா, அத்தப் பாக்காத! அது கெழம், சாவப் போவுது. தம்பி அதுல இல்ல. நான் வேற நட்சத்திரத்துக்கு மாத்திட்டேன்” என்று மூச்சிரைக்கச் சொன்னேன். பெரிய நட்சத்திரம், சின்ன நட்சத்திரம் எல்லாவற்றையும் கேட்டது கேட்டபடி ஒப்பித்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

“எங்க கீது? காட்டு.”

“கண்ணுக்குத் தெரியாதும்மா. ஆனா பக்கத்துலதான். அது சாவவே சாவாது.”

அம்மா வானத்தை ஒரு சுற்று முழுக்கத் தேடினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சரி, எங்கனா நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் மாடிக்கு வரவில்லை. கவலை தீர்ந்துவிட்டது, இனிமேல் எதற்கு வரவேண்டும் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

பங்குனியில் ஊரடங்கு வந்தது. வண்டியும் புகையும் இல்லாத வானத்தைப் பார்க்கக் குடியிருப்பே மாடியில் கூடியது. ஒருநாள் மேற்கே பார்த்த மாமா கூவினார். திருவாதிரை பழையபடி பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அது இப்போதைக்குச் சாகவில்லையாம். அதுவே துப்பிய தூசி அதன் முகத்தை மறைத்திருந்ததாம், இப்போது விலகிவிட்டதாம். மாமா போனில் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் நான் கீழே ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“யம்மா, திருவாதிரை சாவல! நல்லா எரியுது. வந்து பாரேன்.”

அவள் தலை நிமிரவில்லை. “நீதான அவன அங்கேர்ந்து எடுத்துட்ட? இப்ப அது யாரு வூட்டுப் புள்ளையோ.”

குரலில் கோபமே இல்லை. கோபமாவது இருந்திருந்தால் எனக்கு ஏதாவது உறைத்திருக்கும். தம்பிக்கு ஆயுசு கிடைத்தால் அம்மாவுக்குப் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். போன பிள்ளையைத் தினம் ஒருமுறை கண்ணால் பார்க்க அவளுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு எங்கே தெரிந்தது. நான் செய்த ஏற்பாட்டை அம்மா மறக்காமல் வைத்திருக்கிறாளே என்று பெருமைதான் பொங்கியது. “ஆமாம்மா, அவன் அங்க பத்திரமா கீறான்” என்று அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, யார் வீட்டுப் பிள்ளையோ அப்படி ஜொலிப்பதை வேடிக்கை பார்க்க மறுபடி மாடிக்கு ஓடினேன்.